தாத்தாவும் பேத்தியும் ஒரே படகுல: மலையகத்துல இருந்து லைவ்அபோர்ட் டைவ் ட்ரிப் போறவங்களுக்கு

லைவ்அபோர்ட்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு முதல்ல சுருக்கமா சொல்லிடுறேன். கரையில ரூம் எடுத்து தங்கி காலைல படகுல போய், காத்து டேங்க் கட்டிக்கிட்டு கடலுக்கு அடியில டைவ் பண்ணிட்டு திரும்பி வாறது இல்ல இது, நாலு நாளோ ஒரு வாரமோ படகுலயே தூங்கி படகுலயே சாப்பிட்டு அங்கருந்தே தண்ணிக்குள்ள எறங்குறது. பொதுவா ஒரு நாளைக்கு மூணு டைவ், சில நாள் ராத்திரி டைவும் சேத்து நாலு. ஒரு டைவுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல படகு வேற இடத்துக்கு போயிரும், அதனால கரையில தங்குறவங்களுக்கு எட்டாத ரீஃப், அதாவது பவளப்பாறை எல்லாம் பாக்க கிடைக்கும். ஆனா நடுவுல யாருக்காவது முடியலன்னா எறங்கி பஸ் புடிச்சு வீட்டுக்கு வர வழி இல்ல.

ஒரே வயசுக் கூட்டாளிங்க நாலு பேர் சேந்து போனா எந்தப் படகுன்னாலும் சமாளிச்சிரலாம். குடும்பமா போறப்பதான் கஷ்டம். இப்ப நம்ம பக்கத்துப் பொடியனுங்க மாலைதீவு ரிசோர்ட்ல வேலைக்குப் போய் அங்கயே டைவிங் படிச்சு சேர்ட்டிபிகேட் எடுத்துட்டு, அப்பா அம்மா தாத்தா அக்கா புள்ளைங்க எல்லாரையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போகணும்னு ஆசைப்படுறாங்க, நல்ல ஆசை அது. ஆனா அவங்க படகு தேர்றப்ப தங்களுக்கு எது புடிக்கும்னு பாத்து தேர்றாங்க, சுறா நிறைய இருக்கா, கரண்ட்னு சொல்ற நீரோட்டம் பலமா இருக்கா, ஆழமா போகலாமான்னு. அந்த மாதிரி படகுல தாத்தா அஞ்சு நாளும் ரூம்ல படுத்துக் கெடப்பாரு, பத்து வயசுப் புள்ள ஒரு டைவ் கூட பண்ணாம திரும்பி வரும். கூட்டத்துல ரொம்ப குறைவா முடிஞ்சவர் யாரோ அவரை வச்சுத்தான் படகு தேரணும், நல்லா டைவ் பண்றவரை வச்சு இல்ல. இத மட்டும் புடிச்சுக்கிட்டா மத்த எல்லாம் தானா வழிக்கு வரும்.

முதல் வேலை: ஒரு கொப்பியில எல்லாரையும் எழுதுங்க

படகு தேடுறதுக்கு முன்னாடி இதச் செய்ங்க. ஒவ்வொருத்தருக்கும் நேரா வயசு, நீந்தத் தெரியுமா, டைவிங் சேர்ட்டிபிகேட் என்ன லெவல், இதுவரைக்கும் எத்தனை டைவ் லொக்புக்ல (பண்ண டைவை எல்லாம் எழுதி வைக்கிற கொப்பி) இருக்கு, கடைசியா எப்ப டைவ் பண்ணாரு, என்ன வருத்தம் இருக்கு, என்ன மருந்து குடிக்கிறாரு. அதோட ரம்பொடை வளைவுல பஸ்ல போறப்ப வாந்தி எடுக்குறவங்க யாருன்னும் எழுதிக்கங்க, அவங்களுக்கு படகுலயும் தலை சுத்த நிறைய சான்ஸ் இருக்கு.

இப்ப வயசுக் கணக்கு. டைவிங் சொல்லிக்குடுக்குற பேடி நிறுவனத்தோட ஜூனியர் ஓபன் வோட்டர், அதாவது புள்ளைங்களுக்கான முதல் லெவல் சேர்ட்டிபிகேட் 10 வயசுல இருந்து எடுக்கலாம். ஆனா 10, 11 வயசுப் புள்ளைங்க 12 மீட்டருக்கு கீழ போகக்கூடாது, போறதும் சேர்ட்டிபிகேட் உள்ள அப்பா அம்மா இல்லன்னா கார்டியன், அதுவும் இல்லன்னா ப்ரொஃபெஷனல் ஒருத்தரோட மட்டும்தான். 12ல இருந்து 14 வயசு வரைக்கும் 18 மீட்டர், அதுவும் சேர்ட்டிபிகேட் உள்ள பெரியவர் ஒருத்தர் கூட இருக்கணும். அதுக்கு அடுத்த லெவலான ஜூனியர் அட்வான்ஸ்ட் எடுத்திருந்தா அவங்களுக்கு 21 மீட்டர். 15க்கு மேல சாதாரண ஓபன் வோட்டர் 18 மீட்டர், அட்வான்ஸ்ட் 30 மீட்டர். மாலைதீவுல எவ்வளவு பெரிய டைவரா இருந்தாலும் 30 மீட்டர்தான் எல்லை, அது அந்த நாட்டு சட்டம்.

இத ஒரு குடும்பத்துக்கு போட்டுப் பாருங்க. தாத்தாவுக்கு 66, ப்ரெஷர் இருக்கு, டைவ் பண்ண மாட்டாரு. அப்பா ஓபன் வோட்டர். அம்மாவுக்கு நீந்தத் தெரியாது. மாமா மாலைதீவுல வேலை செஞ்சவரு, அட்வான்ஸ்ட், நிறைய டைவ் பண்ணவரு. மகனுக்கு 14, மகளுக்கு 10, ரெண்டு பேரும் ஜூனியர். அத்தை மக 22 வயசு, இப்பத்தான் ஓபன் வோட்டர் முடிச்சா. படகு 25 மீட்டர்ல ஒரு சேனல் டைவ் (கடல் வாய்க்கால்ல பண்றது) போகுதுன்னா இந்த ஏழு பேர்ல போகக்கூடியவரு மாமா மட்டும்தான். மக தண்ணிக்குள்ள போனா அப்பா அவ பக்கத்துல 12 மீட்டர்லயே நிக்கணும், மகனோட யாராவது ஒரு பெரியவர் நிக்கணும், அப்ப மாமாவும் 18 மீட்டருக்குள்ள அடங்கிப் போகணும். ஆக இந்தக் குடும்பத்துக்கு வேண்டியது 5 மீட்டர்ல இருந்து 18 மீட்டருக்குள்ள நல்ல பவளப்பாறை உள்ள ரூட், ஆழமான ரூட் இல்ல. மாமாவுக்கு வேணும்னா ரெண்டு மூணு டைவ் மட்டும் வேற கைடோட தனியா போகட்டும், அத முன்கூட்டியே படகுக்காரங்ககிட்ட பேசி எழுத்துல வாங்கிக்கலாம்.

12 வயசுக்கு குறைஞ்ச புள்ளைக்கு டைவர் விலை கட்டுறது வீண் செலவுன்னுதான் நான் சொல்லுவேன். ஸ்நோர்கல் பண்ண வைங்க, அதாவது வாயில குழாய் வச்சு மூச்சு விட்டுக்கிட்டு தண்ணி மேலயே மிதந்து பாக்குறது, கூட ஒண்ணு ரெண்டு ஈஸி டைவுக்கு தனியா காசு கட்டலாமான்னு கேளுங்க. நிறைய படகுல புள்ளைங்களை எத்தனை வயசுல இருந்து ஏத்துவோம்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க, அது படகுக்குப் படகு மாறும், அதனால புக் பண்ண முன்ன புள்ளைங்க பிறந்த தேதியோட கேட்டு பதில் வாங்கி வச்சுக்கங்க.

டொக்டர் கையெழுத்து

டைவ் பண்ற எல்லாரும் ஒரு மெடிக்கல் கேள்வித்தாள் நிரப்பணும். அதுல 45 வயசுக்கு மேலயான்னு ஒரு கேள்வி இருக்கு, ஆமான்னா சிகரெட், கொலஸ்ட்ரோல், ப்ரெஷர், குடும்பத்துல சின்ன வயசுலயே ஹார்ட் அட்டாக் வந்தவங்கன்னு இன்னும் கொஞ்சம் கேள்வி வரும். அதுல ஒண்ணுக்கு ஆமான்னு போட்டாலும் டொக்டர் பாத்து கையெழுத்து வைக்கணும். ஆஸ்மா, வலிப்பு, நெஞ்சு ஒப்பரேஷன், சீனி வருத்தம் இதுக்கெல்லாமும் அப்படித்தான். கர்ப்பமா இருக்குறவங்க டைவே பண்ணக்கூடாது. படகுல ஏறினதுக்கு அப்புறம் அந்தத் தாளைப் பாத்து ஆமான்னு டிக் போட்டா நடுக்கடல்ல டொக்டரை எங்க தேடுறது, கட்டின காசும் போயிரும். அதுக்குப் பயந்து பொய்யா இல்லன்னு போடுறவங்களும் இருக்காங்க, தயவுசெஞ்சு அத மட்டும் செய்யாதீங்க, வயசானவங்க டைவிங்ல இறந்துபோற சம்பவங்கள்ல இதயக் கோளாறு பெரிய காரணமா இருக்கு. ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே தாளை ப்ரிண்ட் எடுத்துட்டுப் போய் டொக்டர்கிட்ட காட்டுங்க, அதுலயே டொக்டருக்கான பக்கமும் இருக்கு.

நம்ம ஊர்க் குளிருக்கு புள்ளைங்களுக்கு மூக்கடைப்பும் சளியும் விடாது, வீசிங்கும் நிறைய. வீசிங் உள்ள புள்ளையை கட்டாயம் டொக்டர் பாக்கணும். சளி இருந்தா காது ப்ரெஷரை சமப்படுத்த முடியாது, மூக்குத் துவாரத்தை தொறக்குற மருந்து போட்டுட்டு எறங்குறதும் நல்லதில்ல, மருந்தோட வேகம் தண்ணிக்குள்ள இருக்கும்போதே குறைஞ்சா மேல வர்றப்ப காத்து உள்ளயே அடைச்சுக்கும். சளி புடிச்ச நாள் டைவை விட்டுருங்க, அந்தப் புள்ளைக்கு அன்னைக்கு செய்றதுக்கு வேற ஏதாவது இருக்கணும், படகு தேர்றப்ப அதையும் நினைச்சுக்கங்க.

நீச்சலும் ட்ரெய்னிங்கும்

ஓபன் வோட்டர் எடுக்க 200 மீட்டர் நிறுத்தாம நீந்தணும், இல்லன்னா மாஸ்க், ஸ்நோர்கல், கால்ல மாட்டுற ஃபின்ஸ் போட்டு 300 மீட்டர். அதோட 10 நிமிஷம் மிதக்கணும். மலையில வளந்த நிறைய பேருக்கு நீச்சல் வராது, இது வெக்கப்படுற விஷயமில்ல, பழக இடம் இல்ல அவ்வளவுதான். கண்டியில ஸ்விம்மிங் பூல் இருக்கு, கோச் இருக்காங்க, வார லீவுல போய் பழகலாம். காசல்ரி, மவுசாக்கலை மாதிரி நீர்த்தேக்கத்துலயோ நீர்வீழ்ச்சி அடியிலயோ பழகாதீங்க, ஆழமும் தெரியாது, காப்பாத்த லைஃப்கார்டும் இல்ல.

டைவிங் கோர்ஸை படகுலயே எடுத்துக்கலாம்னு சில படகுக்காரங்க சொல்லுவாங்க. புதுசா படிக்கிறவங்களுக்கு, அதுவும் புள்ளைங்களுக்கு அது சரி வராது, அவசரமா இருக்கும், மத்தவங்க எல்லாம் நல்ல இடத்துல டைவ் பண்றப்ப இவங்க ஓரமா பயிற்சி செஞ்சுக்கிட்டு இருக்கணும். நம்ம நாட்டுலயே முடிச்சுட்டுப் போங்க. மே மாசத்துல இருந்து செப்டெம்பர் வரைக்கும் திருகோணமலை பக்கம் கடல் அமைதி, நிலாவெளியிலயும் உப்புவெளியிலயும் டைவிங் சென்டர் இருக்கு, தமிழ்ல பேசி விளங்கப்படுத்தக்கூடிய ஆளுங்களையும் அங்க தேடிப் புடிக்கலாம், புள்ளைங்களுக்கு அது பெரிய தைரியம். நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும்னா தெற்குல ஹிக்கடுவை, உனவட்டுன பக்கம். என் கணக்குப்படி நல்ல திட்டம் இதுதான்: ஓகஸ்ட் லீவுல திருமலையில கோர்ஸ், அப்புறம் டிசெம்பர் இல்லன்னா ஏப்ரல் லீவுல லைவ்அபோர்ட். கோர்ஸ் முடிஞ்சதும் இன்னும் ஒரு அஞ்சாறு டைவ் சும்மா ஜாலியா பண்ணிட்டுப் போனா படகுல பதட்டம் இருக்காது.

எங்க, எப்ப

முதல் தடவைன்னா மாலைதீவுதான் நம்மளுக்கு சரி. கட்டுநாயக்காவுல இருந்து சுமார் ஒன்றரை மணித்தியாலம் ஃப்ளைட், எறங்கினதும் 30 நாளுக்கு சுற்றுலா விசா இலவசமா குடுப்பாங்க, போறதுக்கு முன்னாடி 96 மணித்தியாலத்துக்குள்ள ஒன்லைன்ல இமுகான்னு அந்த நாட்டுக்குள்ள வர்றவங்களுக்கான போர்ம் நிரப்பினா சரி. எகிப்து செங்கடல் ரொம்ப அழகுதான், ஆனா ப்ரதர்ஸ், டேடலஸ் மாதிரி தூரத்து ரீஃபுக்கு 50 டைவ் லொக்புக்ல இருக்கணும்னு கேப்பாங்க. தாய்லாந்து சிமிலன் தீவுகள் மே நடுவுல இருந்து ஒக்டோபர் நடு வரைக்கும் மூடியிருக்கும். அதெல்லாம் ரெண்டாவது மூணாவது ட்ரிப்புக்கு வச்சுக்கங்க.

மாலைதீவுக்குள்ளயும் ரூட் நிறைய இருக்கு, பேர் பாத்து ஏமாறாதீங்க. ஃபுவஹ்முலா, ஹுவது மாதிரி தூரத் தெற்குப் பக்கம் போற ரூட் அனுபவம் உள்ளவங்களுக்கு, புலிச்சுறா, பலமான கரண்ட், கூட்டம் கலந்து போறவங்களுக்கு வேணவே வேணாம். மத்திய அட்டோல்னு சொல்றது (அட்டோல்னா வளையமா நிக்கிற பவளப்பாறைத் தீவுக் கூட்டம்), தெற்கு மாலே, வாவு, ஆரி இந்தப் பக்கம், அதுதான் தொடங்குறவங்களுக்கு. அங்கயும் மூணு விதமான டைவ் இருக்கு, அந்த ஊர்ப் பேரை தெரிஞ்சு வச்சுக்கங்க: கிரின்னா தண்ணி மட்டத்துக்கு கிட்ட வர்ற சின்ன பாறைத்திட்டு, திலான்னா அதை விட ஆழத்துல நிக்கிற பாறை, கண்டுன்னா அட்டோலுக்கு உள்ளயும் வெளியயும் கடல் பாயுற வாய்க்கால். கண்டுல கரண்ட் பலமா வரும், சுறா பாக்குறதுக்கு அதுதான் இடம், ஆனா புதுசா படிச்சவங்களை அங்க எறக்கக்கூடாது. படகுக்காரங்க அனுப்புற ப்ரோகிராம்ல எத்தனை கண்டு எத்தனை கிரின்னு எண்ணிப் பாருங்க, அதுலயே படகு யாருக்கானதுன்னு தெரிஞ்சிரும்.

டைவ் பண்ணாதவங்க நிறைய இருந்தா ரூட்டை இப்படிப் பாருங்க: தண்ணி மேல இருந்தே பாக்கக்கூடிய பெரிய ஜீவன் எங்க இருக்கு? தெற்கு ஆரியில திமிங்கலச் சுறா வருஷம் முழுக்க பாக்கலாம், அது மேல்மட்டத்துலயே நீந்தும், ஸ்நோர்கல் போட்டாலே தெரியும். பா அட்டோல்ல ஹனிஃபாரு வளைகுடான்னு ஒண்ணு, அந்த அட்டோலை 2011ல யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம்னு அறிவிச்சாங்க, தென்மேற்குப் பருவக்காத்துக் காலத்துல மான்டா திருக்கைங்க கூட்டம் கூட்டமா அங்க சாப்பிட வரும். அங்க டேங்க் போட்டு எறங்கவே அனுமதி இல்ல, எல்லாரும் ஸ்நோர்கல்தான், அதுனால மாமா பாக்குறதைத்தான் அத்தையும் பத்து வயசுப் புள்ளயும் பாப்பாங்க, குடும்பத்துக்கு இதவிட நல்ல இடம் எனக்குத் தெரியல. ஆனா அது ஓகஸ்ட் பக்கம், மழையும் காத்தும் உள்ள காலம், படகு ஆடும். டிசெம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் கடல் அமைதி, தண்ணி தெளிவு. படகு ஆட்டத்துக்கு பயந்தவங்க கூட்டத்துல இருந்தா அமைதியான மாசத்தையே எடுங்க.

படகுக்காரங்ககிட்ட கேக்க வேண்டியது

ஃபோட்டோ, சாப்பாட்டு மெனு, சன்டெக்ல ஜகூசி எல்லாம் அவங்களே அனுப்பிருவாங்க. நம்ம கேக்க வேண்டியது பாதுகாப்பு, இதுல கொஞ்சம் நேரம் எடுத்து வாசிங்க.

2019 செப்டெம்பர் 2ம் தேதி கலிஃபோர்னியா கரைக்கு அப்பால கன்செப்ஷன்ங்கிற டைவ் படகு ராத்திரில தீப்புடிச்சு 34 பேர் இறந்தாங்க. எல்லாரும் கீழ்த்தட்டுல தூங்கிக்கிட்டு இருந்தவங்க. ராத்திரி முழிச்சு சுத்திப் பாக்குறதுக்கு யாரும் இல்ல, கீழ இருந்து மேல வர ரெண்டு வழி இருந்தும் ரெண்டும் ஒரே ஹோலுக்குள்ளதான் போய் திறந்துச்சு, அந்த ஹோல்லதான் தீ. 2024 நவம்பர் 25ம் தேதி அதிகாலையில எகிப்து செங்கடல்ல ஸீ ஸ்டோரிங்கிற படகு மூழ்கிச்சு, அப்பவும் கேபினுக்குள்ள ஆளுங்க தூக்கத்துல. இதச் சொல்லி பயமுறுத்தல, கேக்குற கேள்வி எங்கருந்து வருதுன்னு சொல்றேன்.

ராத்திரி முழுக்க முழிச்சிருந்து ரோந்து பாக்க ஆள் இருக்கா? கீழ்த்தட்டு கேபின்ல இருந்து வெளிய வர ரெண்டு வழி இருக்கா, அது ரெண்டும் வேற வேற இடத்துக்கு போகுதா? கேமரா, டோர்ச் பேட்டரி சார்ஜ் போடுறது எங்க, ராத்திரி கேபின்ல சார்ஜ் போட விடுவாங்களா? விட மாட்டோம்னு சொல்ற படகு நல்ல படகு. புள்ளைங்க அளவு லைஃப்ஜாக்கெட் எத்தனை இருக்கு? ஒக்சிஜன் எவ்வளவு இருக்கு, குடுக்கத் தெரிஞ்சவங்க யாரு? போற ரூட்ல இருந்து கிட்ட உள்ள ப்ரெஷர் சேம்பர் (டைவ் பண்ணதால வர்ற வருத்தத்துக்கு வைத்தியம் பாக்குற அறை) எங்க, போக எவ்வளவு நேரம்? ஒவ்வொரு டைவுக்கு அப்புறமும் பேர் கூப்பிட்டு ஆள் எண்ணுறாங்களா? படகுல ஏறின முதல் நாள் எமர்ஜென்சி ட்ரில் செய்வாங்களா?

இதுக்கெல்லாம் நேரா பதில் வர்ற படகும் இருக்கு, "எங்க படகு ரொம்ப சேஃப் சார், கவலப்படாதீங்க"ன்னு ஒரு வரில முடிக்கிற படகும் இருக்கு. ரெண்டாவது வகையை விலை குறைவுன்னு எடுக்காதீங்க. படகுல ஏறினதும் தாத்தாவையும் புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு வெளிய வர்ற ரெண்டு வழியாலயும் ஒருக்கா நடந்து பாருங்க.

அடுத்து கைடு. ஒரு கைடுக்கு எத்தனை பேர், நம்ம கூட்டத்தை ஆழம் குறைஞ்ச குரூப், மத்த குரூப்னு ரெண்டா பிரிச்சு அனுப்ப ஆள் போதுமா, ஸ்நோர்கல் பண்றவங்களோட தண்ணில எறங்குறதுக்குன்னு தனியா ஒருத்தர் இருக்காரா. இந்த கடைசிக் கேள்விதான் நிறைய படகை கழிச்சுக் கட்டும். "ஸ்நோர்கல் பண்ணலாம், பிரச்சின இல்ல"ன்னா போதாது, யாரு கூட வருவாங்கன்னு பேரோட சொல்லணும், ஏன்னா டைவ் கைடு எல்லாரும் கீழ போனதுக்கு அப்புறம் மேல நிக்கிறது நம்ம அம்மாவும் புள்ளைங்களும்.

மாலைதீவுல பெரிய படகோட தோணின்னு இன்னொரு படகும் கூடவே வரும், டேங்க், கம்ப்ரெசர், சாமான் எல்லாம் அதுல, டைவுக்குப் போறதும் அதுலதான். பெரிய படகுல சத்தம் குறையும், அது நல்லது. ஆனா ஆடுற ரெண்டு படகுக்கு நடுவுல கால் வச்சு தாண்டணும். முழங்கால் வலி உள்ளவங்க இருந்தா எப்படி ஏத்துவாங்க, தண்ணில இருந்து மேல வர ஏணி எப்படின்னு வீடியோ அனுப்பச் சொல்லுங்க. தண்ணிக்குள்ளயே டேங்கை கழட்டி வாங்கிக்குவாங்களான்னும் கேளுங்க, வயசான டைவருக்கு முதுகு தப்பிக்கும்.

புள்ளைங்க அளவு பிசிடி (மிதக்குறதுக்கு காத்து அடைக்கிற ஜாக்கெட்), சின்ன ஃபின்ஸ், சின்ன டேங்க் வாடகைக்கு இருக்கான்னு கேட்டு உயரம், எடை, சப்பாத்து அளவு எல்லாம் முன்னாடியே அனுப்பிருங்க. வெட்சூட், அதாவது தண்ணிக்குள்ள குளிர் தாங்குற உடுப்பு, எல்லாருக்கும் வேணும். நம்மதான் குளிருக்குப் பழகினவங்களாச்சேன்னு விட்டுராதீங்க, 28, 29 டிகிரி தண்ணியும் ஒரு மணித்தியாலம் நின்னா உடம்புச் சூட்டை உறிஞ்சிரும், மெலிஞ்ச புள்ளைங்க மூணாவது டைவுல நடுங்கும்.

கேபின், சாப்பாடு, மத்த விஷயம்

கீழ்த்தட்டு கேபின் விலை குறைவு, ஆட்டமும் குறைவு, ஆனா எஞ்சின் சத்தமும் செங்குத்தான படியும் இருக்கும். தாத்தா அப்பாயிக்கு நடுத்தட்டுல, பாத்ரூம் உள்ளயே இருக்குற கேபின் எடுங்க, ராத்திரி படி ஏறி எறங்குற வேலை வேணாம். தலைசுத்துக்கு மாத்திரை படகு ஆடத் தொடங்குறதுக்கு முன்னாடியே போடணும், வாந்தி வந்ததுக்கு அப்புறம் போட்டு பிரயோசனம் இல்ல. தூக்கம் வர்ற வகை மாத்திரை போட்டுட்டு டைவ் பண்ணக்கூடாது, எது நல்லதுன்னு அந்த மெடிக்கல் தாளோட போறப்பவே டொக்டர்கிட்ட கேட்டுருங்க.

மரக்கறி மட்டும் சாப்பிடுறவங்களை புக் பண்றப்பவே சொல்லணும், அங்க சாப்பாட்டுல மீன், அதுவும் சூரை மீன் நிறைய. சாராயம், பன்றி இறைச்சி கொண்டுபோக விடமாட்டாங்க, கும்பிடுற சாமி சிலையும் அப்படித்தான், அப்பாயி சூட்கேஸ்ல சின்னப் பிள்ளையார் வச்சிருப்பாங்க, வீட்டுலயே விட்டுட்டு வரச் சொல்லுங்க. ஊர்மக்கள் இருக்குற தீவுல எறங்கினா தோளும் முழங்காலும் மூடுற உடுப்பு.

காசு

விளம்பரத்துல போட்டிருக்குற விலையை நம்பி கணக்குப் போடாதீங்க. மாலைதீவுல 2025 ஜனவரில இருந்து படகுல தங்குறதுக்கு க்ரீன் டெக்ஸ் ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 12 டொலர், ஏழு பேர் ஏழு ராத்திரின்னா அதுவே 588 டொலர். சுற்றுலா ஜிஎஸ்டி 2025 ஜூலைல இருந்து 17 வீதம். இது விலைக்குள்ள சேந்திருக்கா வெளியயான்னு கேளுங்க. வாடகைச் சாமான், எயார்போர்ட் ட்ரான்ஸ்ஃபர், நைட்ரொக்ஸ் (ஒக்சிஜன் கூடுதலா கலந்த டேங்க் காத்து), ஆளுங்களுக்கு டிப்ஸ், இதெல்லாம் தனி. நைட்ரொக்ஸ் எடுத்தா இன்னும் ஆழம் போகலாம்னு சிலர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, அது நைட்ரஜன் சேர்றதை குறைக்கத்தான், அதுக்கு தனி கோர்ஸும் வேணும். டைவ் பண்ணாதவங்களுக்கு விலை குறைப்பாங்களா? குறைப்பாங்க, கேட்டா. கூட்டம் பெருசுன்னா முழுப் படகையும் சார்ட்டர் பண்ண விலை கேளுங்க, அப்ப எத்தனை மணிக்கு எழும்புறது, எங்க நிக்கிறதுங்கிறதை நம்ம கூட்டத்துக்கு ஏத்த மாதிரி வச்சுக்கலாம், தெரியாத டைவர்ஸோட புள்ளைங்க சத்தத்துக்கு சண்டையும் வராது.

இன்சூரன்ஸ் கட்டாயம். சாதாரண ட்ராவல் இன்சூரன்ஸ் நிறைய டைவிங்கை சேத்துக்காது, இல்லன்னா ஆழத்துக்கு எல்லை வைக்கும், வரி வரியா வாசிங்க. டான்னு சொல்ற டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் மாதிரி டைவர்ஸுக்குன்னே இருக்குற இன்சூரன்ஸ்ல ப்ரெஷர் சேம்பர் செலவு சேந்திருக்கும்.

திரும்பி மலை ஏறுறது

இதத்தான் வேற ஊர்க்காரங்க எழுதுற வழிகாட்டியில பாக்க மாட்டீங்க, ஏன்னா அவங்க வீடு மலையில இல்ல. டைவ் பண்ணா உடம்புக்குள்ள நைட்ரஜன் கரைஞ்சு நிக்கும், மெதுவா வெளிய போகும். அது போறதுக்குள்ள காத்தழுத்தம் குறைஞ்ச இடத்துக்குப் போனா அது குமிழியா மாறி மூட்டு வலி, மரத்துப்போறது, அதைவிட மோசமாவும் வரலாம், டிகம்ப்ரெஷன் வருத்தம்னு சொல்றது அதைத்தான். அதனாலதான் டைவ் பண்ணிட்டு உடனே ஃப்ளைட் ஏறாதீங்கன்னு சொல்றாங்க. டான் சொல்ற கணக்கு: ஒரே ஒரு டைவ்னா குறைஞ்சது 12 மணித்தியாலம், பல நாள் பல டைவ்னா குறைஞ்சது 18 மணித்தியாலம். நிறைய பேர் 24ன்னு வச்சுக்குவாங்க, குடும்பத்துக்கு 24தான் நல்லது.

அந்தக் கணக்கு ஃப்ளைட்டுக்கு மட்டும் இல்ல, சுமார் 600 மீட்டருக்கு மேல போற எதுக்கும்தான். நுவரெலியா 1,868 மீட்டர், அட்டனும் பண்டாரவளையும் 1,200 மீட்டருக்கு மேல, அப்புத்தளை இன்னும் உயரம். ஃப்ளைட் கேபினுக்குள்ள அழுத்தம் பொதுவா 2,400 மீட்டர் மலைக்கு மேல உள்ள அளவைத் தாண்டாது, அப்ப நுவரெலியா போறதும் கிட்டத்தட்ட ஃப்ளைட் ஏறுற மாதிரிதான் உடம்புக்கு. லைவ்அபோர்ட்ல இத ஓரளவு அவங்களே பாத்துக்குவாங்க, கடைசி டைவ் ஃப்ளைட்டுக்கு முந்தின நாள் காலைலயே முடியும், நீங்க கட்டுநாயக்காவுல எறங்குறப்ப நேரம் கடந்திருக்கும், மலை ஏறலாம். ஆபத்து எங்கன்னா திருமலையில கோர்ஸ் பண்றப்ப. ஃப்ளைட் இல்ல, அதனால டைவிங் சென்டர்ல யாரும் எச்சரிக்க மாட்டாங்க, உங்க வீடு எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாது. சனிக்கிழமை பின்னேரம் 2 மணிக்கு கடைசி டைவ் முடிச்சு உடனே வேன்ல ஏறினா ராத்திரியே ரம்பொடை தாண்டிருவோம். அப்படிச் செய்யாதீங்க. ஞாயிறு காலை 8 மணிக்குத்தான் 18 மணித்தியாலமே ஆகுது. ராத்திரி திருமலையிலயே தங்குங்க, இல்லன்னா கண்டி வரைக்கும் வாங்க, கண்டி டவுன் 500 மீட்டர் பக்கம்தான், அங்க சொந்தக்காரங்க வீட்டுல தங்கிட்டு ஞாயிறு பகல் சாப்பாட்டுக்கு அப்புறம் மேல ஏறுங்க. கோர்ஸ் புக் பண்றப்பவே டைவ் மாஸ்டர்கிட்ட "எங்க வீடு இத்தனை மீட்டர் உயரத்துல இருக்கு"ன்னு சொல்லி, கடைசி நாள் டைவை காலைல முடிக்கச் சொல்லுங்க.

வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறம் யாருக்காவது தோள் முழங்கால்ல காரணம் இல்லாம வலி, கை கால் மரப்பு, தோல்ல புள்ளி புள்ளியா தடிப்பு, தலைசுத்து, அளவுக்கு மீறின அசதி வந்தா காய்ச்சல் குளிசை போட்டு படுக்க வைக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போய் முதல் வார்த்தையா டைவ் பண்ணிட்டு வந்தோம்னு சொல்லுங்க, எப்ப, எத்தனை டைவ், எவ்வளவு ஆழம்னு லொக்புக்கையோ டைவ் கம்ப்யூட்டரையோ காட்டுங்க, ஒக்சிஜன் குடுக்கச் சொல்லிக் கேளுங்க, இன்சூரன்ஸ் எமர்ஜென்சி நம்பரை டொக்டர் கையிலயே குடுத்து பேச வைங்க. அந்த நம்பரை புறப்படுறதுக்கு முன்னாடியே வீட்டுல நிக்கிறவங்க போன்லயும் சேவ் பண்ணி வச்சுட்டுப் போங்க.